பந்தையே தொட மாட்டார்... ஆனா கோடிகளில் சம்பளம்! என்.எஃப்.எல் டிராஃப்ட்டில் ஒரு 'கார்டை' எடைபோடுவது எப்படி?

2018 ஏப்ரல் 26. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிற ஆர்லிங்டன் நகரம். அங்குள்ள பிரமாண்ட ஸ்டேடியத்தில் 'டிராஃப்ட்' இரவு. அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்லின் 32 அணிகளும் கல்லூரியிலிருந்து புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கிற நாள் அது. முதல் 5 பேரில் 2 பேர் குவாட்டர்பேக். அதாவது பந்தை வீசுகிற ஹீரோக்கள். இன்னொருவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்.

6-வது வாய்ப்பு இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியுடையது. அவர்கள் சொன்ன பெயர், குவென்டன் நெல்சன். நாட்டர் டேம் பல்கலைக்கழகத்துப் பையன். 6 அடி 5 அங்குலம், கிட்டத்தட்ட 147 கிலோ. அவர் ஆடும் இடம், 'கார்டு'. பந்தை வீச மாட்டார், பிடிக்க மாட்டார், தூக்கிக்கொண்டு ஓடவும் மாட்டார். ஸ்கோர் போர்டில் அவர் பெயர் வரவே வராது.

"இவ்வளவு மேல போய் ஒரு கார்டையா எடுப்பாங்க?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால், கோல்ட்ஸ் அணிக்குக் காரணம் இருந்தது. முந்தைய 2017 சீசனில் அவர்களுடைய குவாட்டர்பேக், எதிரணியிடம் சிக்கித் தரையில் விழுந்தது 56 முறை. லீகிலேயே அதிகம். அணியின் நட்சத்திர குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக், தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு அந்த சீசன் முழுக்கக் களமிறங்கவே இல்லை. அதற்கு முன்பு 2015-ல் ஓர் ஆட்டத்தில் அடிபட்டு அவர் சிறுநீரகமே கிழிந்திருந்தது. அடுத்து ஒரு பெரிய அடி விழுந்தால் அவர் கரியரே முடிந்துபோகலாம் என்ற நிலை.

ஆக, ஒரு கார்டைத் தேர்வு செய்வது என்பது பின்னால் நிற்கிற இன்னொரு மனிதரின் உடம்புக்குக் காவலாளி தேடுகிற வேலை. அதை எப்படிச் செய்கிறார்கள்? ரீல்ஸில் அமெரிக்கன் ஃபுட்பால் க்ளிப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்தக் கட்டுரையை முடித்த பிறகு பந்தை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். வாங்க!

முதலில், யார் இந்த கார்டு?

பந்து கையில் இருக்கிற அணியின் முன் வரிசையில் 5 பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். நடுவில் 'சென்டர்'. அவர்தான் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவார். அதற்குப் பெயர் 'ஸ்னாப்'. சென்டரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கார்டு. கார்டுகளுக்கு வெளியே இரண்டு முனைகளில் 'டேக்கிள்' என்கிற இருவர்.

வெளியே நிற்கிற டேக்கிள்கள்தான் பொதுவாகப் பிரபலம். வேகமாகச் சுற்றிவந்து தாக்குகிறவர்களை அவர்கள்தான் சமாளிக்கணும். கார்டுக்கு வருகிற எதிரி வேறு மாதிரி. 130, 140 கிலோ எடையுள்ள 'டிஃபென்ஸிவ் டேக்கிள்' நேருக்கு நேராக, ஒரு கை தூரத்தில் நிற்பார். ஸ்னாப் ஆன அடுத்த நொடியே மோதல்.

உள்பக்கம் ஏன் அவ்வளவு முக்கியம்? வெளியிலிருந்து ஒருவர் சுற்றி வந்தால், குவாட்டர்பேக் ஓரடி முன்னே நகர்ந்து தப்பிக்கலாம். ஆனால், நடுவில் சுவர் உடைந்தால் முன்னே போக இடமே இல்லை. எதிரி முகத்துக்கு நேராக வருகிறார். பந்தை வீசக் காலை முன்னால் வைக்கக்கூட முடியாது. குவாட்டர்பேக்கை அடைய இருக்கிற மிகக் குறுகிய வழி, நடுவழிதான். 2014-ல் ஆரோன் டொனால்டு என்கிற டிஃபென்ஸிவ் டேக்கிள் லீகுக்கு வந்து, அடுத்த 10 சீசன்களும் நடுவழியாகவே புகுந்து எல்லா அணிகளையும் கதறவிட்டார். கார்டுகளுக்கு மவுசு கூடியதற்கு அவரைப் போன்றவர்களும் ஒரு காரணம்.

ஸ்டாட்ஸ் இல்லாத ஆளை எப்படி அளப்பது?

ஒரு பேட்ஸ்மேனை எடைபோட ரன், சராசரி, ஸ்ட்ரைக் ரேட் எல்லாம் இருக்கு. கார்டுக்கு? அவர் செய்த நல்ல வேலைக்கு அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது. தப்பு செய்தால் மட்டும் மைக்கில் அவர் ஜெர்சி நம்பரைச் சொல்வார்கள். எதிராளியைப் பிடித்து இழுத்தால் 10 யார்டு அபராதம். ஸ்னாப்புக்கு முன்பே அசைந்தால் 5 யார்டு.

அதனால் அணிகளின் ஸ்கவுட்கள் முதலில் போவது வீடியோவிடம். அவர்கள் மொழியில் 'டேப்'. டிவியில் நாம் பார்க்கிற கோணம் பந்தைத் துரத்தும். ஸ்கவுட்கள் பார்ப்பது, உயரத்திலிருந்து 22 பேரையும் காட்டுகிற வீடியோவும், கோல் பக்கமிருந்து லைனை மட்டும் நெருக்கமாகக் காட்டுகிற வீடியோவும். ஒரு ஆட்டத்தில் சுமார் 60, 70 முறை அந்தக் கார்டு மோதுவார். ஒவ்வொன்றையும் ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் பார்ப்பார்கள். ஹைலைட்ஸ் இதற்கு உதவாது. 65 மோதலில் சூப்பரான 3 மட்டும்தான் ஹைலைட்ஸில் இருக்கும். தோற்றுப்போன 4-தான் ஸ்கவுட்டுக்குத் தேவை.

சரி, டேப்பில் எதைப் பார்க்கணும்?

1. முதல் அடி: ஸ்னாப் ஆனதும் கால் எவ்வளவு சீக்கிரம் தரையை விட்டு எழுந்து, சரியான இடத்தில் திரும்ப விழுகிறது? முதல் அடி தப்பானால் மிச்ச 3 நொடியும் துரத்தல்தான்.

2. உயரம் குறைத்தல்: 6 அடி 5 அங்குல ஆள், முழங்காலை மடக்கி, எதிராளியின் மார்புக்குக் கீழே போகத் தெரிந்தவராக இருக்கணும். பீரோவை நகர்த்தியவர்களுக்கு இது புரியும். மேலே பிடித்துத் தள்ளினால் ஆடும். கீழே குனிந்து தள்ளினால்தான் நகரும். இடுப்பை வளைத்துக் குனிகிறவர் முன்னால் சாய்ந்து விழுவார். முழங்காலை மடக்குகிறவர்தான் நிற்பார். ஸ்கவுட்கள் இந்த வித்தியாசத்தை ரொம்பக் கறாராகப் பார்ப்பார்கள்.

3. கை: இரண்டு உள்ளங்கையும் எதிராளியின் மார்புச் சட்டத்துக்கு உள்ளே விழணும். தோளுக்கு வெளியே போய்ப் பிடித்தால் அம்பயர் கொடியை வீசிடுவார். முதலில் கை வைப்பவர் யார், கையைத் தட்டிவிட்டால் மறுபடி எவ்வளவு சீக்கிரம் வைக்கிறார் என்பதும் மார்க் ஷீட்டில் உண்டு.

4. நங்கூரம்: 140 கிலோ ஆள் நேராக நெஞ்சில் மோதித் தள்ளும்போது கார்டு ஓரடி, இரண்டடி பின்னால் போவது சகஜம். அப்புறம் நிற்கிறாரா, குவாட்டர்பேக்கின் மடி வரை தள்ளப்படுகிறாரா? இதற்குப் பெயரே 'ஆங்கர்'. கார்டிடம் இது இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் கஷ்டம்தான்.

5. நகர்ந்து அடித்தல்: சில ஆட்டத் திட்டங்களில் கார்டு தன் இடத்தை விட்டு வெளியேறி, லைனுக்குப் பின்னாலேயே ஓடி, மறுபக்கம் போய் ஒருவரை மோதித் திறப்பு உண்டாக்கணும். இதை 'புல்' என்பார்கள். 145 கிலோ உடம்பு வளைவில் பிரேக் போடாமல் திரும்புவதைப் பார்ப்பதே ஒரு தனி சுகம். நெல்சனின் கல்லூரி டேப்பில் ஸ்கவுட்கள் கொண்டாடிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

6. முடித்தல்: விசில் அடிக்கும் வரை கால் ஓடிக்கொண்டிருக்கிறதா? எதிராளியைத் தோசை மாதிரி மல்லாக்கப் போட்டால் அதற்குப் பெயர் 'பான்கேக்'. பார்க்க கெத்துதான். ஆனால், பான்கேக் எண்ணிக்கையை வைத்து மட்டும் யாரையும் முடிவு பண்ணக் கூடாது. எதிராளி சின்னப் பையனாக இருந்தால் யாராலும் தோசை சுட முடியும்.

கண்ணுக்குத் தெரியாத 7-வது விஷயம்

கார்டுக்கு முன்னால் எப்போதும் ஒரே ஆள்தான் நிற்பார் என்று சொல்ல முடியாது. எதிரணி ஒரு விளையாட்டுக் காட்டும். உள்ளே இருந்தவர் வெளியே பாய்வார். வெளியே இருந்தவர் அவர் பின்னால் சுற்றிக்கொண்டு உள்ளே வருவார். 'ஸ்டன்ட்' என்று பெயர். இங்கே கார்டு, தன் ஆளையே பிடித்துக்கொண்டு போனால் பின்னால் கதவு திறந்துவிடும். தன் ஆளை டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, சுற்றி வருகிறவருக்காகக் காத்திருக்கணும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே முடிவை எடுக்கணும். பேச நேரமில்லை. முக்கால் நொடி தாமதித்தால் குவாட்டர்பேக் தரையில்.

இன்னொன்று, வேலை இல்லாத நேரத்தில் கார்டு என்ன செய்கிறார்? சில ஸ்னாப்களில் அவர் முன்னால் யாருமே வர மாட்டார்கள். சுமாரான ஆள் நின்று வேடிக்கை பார்ப்பார். நல்ல கார்டு தலையைத் திருப்பி, பக்கத்தில் கஷ்டப்படுகிற சென்டருக்கோ டேக்கிளுக்கோ கை கொடுக்கப் போவார். ஸ்கவுட்கள் இதை 'வேலை தேடுகிறார்' என்றே எழுதுவார்கள். நாட்டர் டேமில் நெல்சன் இப்படித்தான். தன் ஆள் முடிந்ததும் அடுத்தவர் யாரென்று தேடிப் போவார். அவருக்குப் பக்கத்தில் இடது டேக்கிளாக ஆடிய மைக் மெக்லின்ச்சியும் அதே டிராஃப்ட்டில் 9-வதாகப் போனார். ஒரே கல்லூரி லைனிலிருந்து, அடுத்தடுத்து நின்ற 2 பேர் முதல் 10-க்குள்!

இங்கேதான் ஸ்கவுட் இன்னொரு கேள்வியும் கேட்கணும். பையன் நல்லா தெரிவது அவன் திறமையாலா, பக்கத்தில் நிற்கிறவரின் திறமையாலா? அதனால் இருவரும் ஒருவருக்கொருவர் உதவாத, தனித்தனியாக மோதுகிற ஸ்னாப்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்ப்பார்கள்.

கம்பைன்: டேப் அளவும் ஸ்டாப் வாட்ச்சும்

டிராஃப்ட்டுக்கு முன்பு, பிப்ரவரி மாதவாக்கில் 300-க்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்களை ஒரே இடத்தில் கூட்டி அளப்பார்கள். 'ஸ்கவுட்டிங் கம்பைன்'. 1987-லிருந்து இண்டியானாபோலிஸ் நகரில் நடக்கிறது. ஒரு கார்டுக்கு இதில் எது முக்கியம், எது சும்மா?

கை நீளம்: தோள்பட்டை எலும்பிலிருந்து நடுவிரல் நுனி வரை. கார்டுக்கு 33 அங்குலம் இருந்தால் நிம்மதி. டேக்கிளுக்கு 34 எதிர்பார்ப்பார்கள். நீளமான கை முதலில் எதிராளியைத் தொடும் என்பதுதான் கணக்கு.

பென்ச் பிரஸ்: 225 பவுண்டு, அதாவது 102 கிலோ. இரண்டு அரிசி மூட்டையைப் படுத்துக்கொண்டே திரும்பத் திரும்பத் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நெல்சன் 35 முறை தூக்கினார். செம நம்பர். ஆனால், நீளமான கை உள்ளவருக்கு ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டிய தூரம் அதிகம். அதனால் எண்ணிக்கை குறையலாம். மேலும், களத்தில் பலம் வருவது படுத்திருக்கும் மார்பிலிருந்து அல்ல. தரையில் ஊன்றிய கால், தொடை, இடுப்பிலிருந்து.

40 யார்டு ஓட்டம்: ஒரு கார்டு ஆட்டத்தில் 40 யார்டு நேராக ஓடுவது அபூர்வம். அதனால் முதல் 10 யார்டு நேரத்தைத்தான் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். புல் பண்ணி மறுபக்கம் போவதற்கு அந்தத் தூரம்தான் தேவை.

ஷட்டில், 3 கோன்: நின்று, திரும்பி, மறுபடி பாய்கிற சோதனைகள். இடுப்பு எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும். கார்டுக்கு 40 யார்டைவிட இவை உபயோகமானவை.

நின்ற இடத்திலிருந்து தாண்டுதல்: ஓடாமல் நின்றபடியே முன்னால் தாண்டுகிற தூரம். கீழ் உடம்பின் வெடிப்பு பலத்தைக் காட்டும் அளவு.

இந்த நம்பர்களையெல்லாம் எவ்வளவு நம்பலாம்? 2025-ல் நடந்ததைப் பாருங்கள். அலபாமா பல்கலைக்கழக கார்டு டைலர் புக்கர், கம்பைனில் 40 யார்டை 5.38 நொடியில் ஓடினார். சோஷியல் மீடியாவில் 'ரொம்ப ஸ்லோ' என்று ஓட்டினார்கள். டேப்பில் அவர் நங்கூரமாக நின்றதைப் பார்த்தவர்கள் பதறவில்லை. டல்லாஸ் கவ்பாய்ஸ் அவரை 12-வதாக எடுத்தது. நம்பர் மோசமாக வந்தால், 'பையன் வேண்டாம்' என்று உடனே தூக்கிப்போட மாட்டார்கள். டேப்புக்குத் திரும்பிப்போய், அந்தக் குறை ஆட்டத்தில் தெரிகிறதா என்று தேடுவார்கள். தெரிந்தால் சிக்கல். தெரியவில்லையென்றால் அது வெறும் நம்பர்.

டேக்கிளாக ஆடியவர் கார்டாக மாறினால்?

என்.எஃப்.எல்லின் நல்ல கார்டுகளில் பலர் கல்லூரியில் டேக்கிளாக ஆடியவர்கள். அங்கே சிறந்த லைன்மேனை வெளியே நிறுத்துவதுதான் வழக்கம். அதனால் கார்டு தேடுகிற ஸ்கவுட், கார்டுகளை மட்டும் பார்த்தால் பாதி லிஸ்ட் போச்சு.

பெரிய உதாரணம், ஸாக் மார்ட்டின். இவரும் நாட்டர் டேம். கல்லூரியில் இடது டேக்கிள். கை நீளம் 33 அங்குலத்துக்கும் குறைவு. 'வெளியே நிற்க இவர் கை பத்தாது' என்று பேச்சு. 2014-ல் கவ்பாய்ஸ் அவரை 16-வதாக எடுத்து, கார்டாக உள்ளே நிறுத்தியது. அப்போது ஜானி மன்ஸியல் என்கிற பரபரப்பான குவாட்டர்பேக் இன்னும் யாராலும் எடுக்கப்படாமல் இருந்தார். அவரைத் தாண்டிவிட்டு லைன்மேனை எடுத்ததற்கு ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். மன்ஸியல் 2 சீசனில் லீகை விட்டே போனார். மார்ட்டின் 9 முறை புரோ பவுல் கௌரவம் பெற்று, 2025-ல் ஓய்வை அறிவித்தார். அவர் விட்டுச் சென்ற வலது கார்டு இடத்துக்குத்தான் அந்த 'ஸ்லோ' புக்கர் வந்தார்.

ஆக, வெளியே குட்டையாகத் தெரிந்த கை உள்ளே போதுமானதாக இருந்தது. அங்கே இடைவெளி குறைவு, கால் வேகமும் கையை வைக்கிற நேர்த்தியும்தான் பேசும். ஆனால், எல்லா டேக்கிளும் கார்டாக முடியாது. வெளியே யோசிக்க அரை நொடி கிடைக்கும். உள்ளே ஸ்னாப் ஆனதும் முகத்தில் ஆள். அதற்குப் பழக நாளாகும்.

எந்த அணிக்கு, எந்த மாதிரி ஆள்?

ஒரே கார்டு ஓர் அணியில் ஹீரோ, இன்னொன்றில் ஜீரோ ஆகலாம். காரணம், ஓட்ட ஆட்டத்தின் வகை.

'ஸோன்' வகையில் லைனில் இருக்கிற 5 பேரும் ஒரே திசையில் பக்கவாட்டில் நகர்வார்கள். பந்தைத் தூக்குகிறவர் எங்கே ஓட்டை திறக்கிறதோ அங்கே புகுவார். இதற்கு லேசான கால், நீண்ட மூச்சு, நகர்ந்துகொண்டே மோதத் தெரிந்த உடம்பு வேணும். 'கேப்' அல்லது 'பவர்' வகையில் ஓட்டை எங்கே என்பது முன்பே முடிவு. எதிராளியை நேராகப் பெயர்த்தெடுக்கணும், புல் பண்ணணும். இதற்கு எடையும் முரட்டு பலமும் வேணும்.

ஸ்கவுட் ரிப்போர்ட்டில் 'நல்ல வீரர்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'நம்ம ஆட்டத்துக்கு நல்ல வீரரா' என்பதற்குப் பதில் இருக்கணும். நெல்சனை 6-வது இடத்துக்குத் தூக்கியது இந்த இரண்டையும் செய்யக்கூடியவர் என்பதுதான்.

சின்ன காலேஜ் பையனை என்ன செய்வது?

பெரிய பல்கலைக்கழகத்தில் ஆடியவர், நாளை என்.எஃப்.எல்லுக்கு வரப்போகிற ஆட்களோடு வாராவாரம் மோதியிருப்பார். சின்னக் கல்லூரிப் பையன் எல்லாரையும் பந்தாடுவார். ஆனால், எதிரே இருப்பவர்கள் யார்?

இந்த சந்தேகத்தால் தவறவிட்ட தங்கங்களும் உண்டு. லாரி ஆலன், சோனோமா ஸ்டேட் என்கிற சின்னக் கல்லூரி. 1994-ல் 2-வது சுற்றில்தான் போனார். 2013-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். ஜாரி எவன்ஸ், ப்ளூம்ஸ்பர்க் என்கிற இன்னொரு சின்னக் கல்லூரி. 2006-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் 4-வது சுற்றில் எடுத்தது. சூப்பர் பவுல் ஜெயித்த அணியில் தூணாக நின்றார்.

இப்படிப்பட்டவர்களை உரசிப் பார்க்க ஒரு வழி, 'சீனியர் பவுல்'. அலபாமா மாநிலம் மொபைல் நகரில் வருஷாவருஷம் நடக்கிற ஆட்டம். ஆட்டத்தைவிட அந்த வார ப்ராக்டிஸ்தான் ஸ்கவுட்களுக்கு விருந்து. ஒருவருக்கு ஒருவர் என மோதவிடுவார்கள். உதவிக்கு ஆள் கிடையாது, ஒளிய இடம் கிடையாது. முதல் நாள் தோற்ற பையன் மூன்றாவது நாள் எப்படி நிற்கிறார் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். கற்றுக்கொள்கிற வேகம் அதில் தெரிந்துவிடும்.

டாக்டர் ரிப்போர்ட்: இங்கேதான் கை நடுங்கும்

ட்ரே ஸ்மித். பள்ளியிலேயே தேசிய அளவில் பேசப்பட்ட லைன்மேன். டென்னஸி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2018-ல் நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருப்பது தெரியவந்தது. உயிருக்கே ஆபத்தான விஷயம். சிகிச்சை, கட்டுப்பாடுகள், குறைந்த ப்ராக்டிஸ் என்று போராடி மறுபடி களத்துக்கு வந்து நன்றாகவே ஆடினார். டேப்பை மட்டும் பார்த்தால் சீக்கிரமே போயிருக்க வேண்டியவர்.

2021 டிராஃப்ட்டில் சுற்றுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. அவர் பெயர் வரவே இல்லை. கடைசியில் 6-வது சுற்றில், 226-வது ஆளாக கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் எடுத்தது. முதல் சீசனிலேயே எல்லா ஆட்டத்திலும் முதல் வரிசையில் நின்றார். பிறகு அந்த அணியோடு 2 சூப்பர் பவுல் ஜெயித்தார். 2025-ல் 4 வருஷத்துக்கு 9.4 கோடி டாலர் ஒப்பந்தம். அப்போது கார்டுகளிலேயே அதிக சம்பளம் அவருக்குத்தான்.

"மத்த அணிகள் எல்லாம் முட்டாள்களா?" என்று கேட்கத் தோணும். அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு பையனின் உயிரைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்விக்கு டாக்டர்கள் எச்சரிக்கையாகத்தான் பதில் சொல்வார்கள். ஸ்கவுட்டின் வேலை, டாக்டரை மீறுவது இல்லை. ரிஸ்க் எவ்வளவு, அந்த ரிஸ்க்குக்கு எந்தச் சுற்று சரியான விலை என்று கணக்குப் போடுவது. முதல் சுற்றில் ஏற்க முடியாத ரிஸ்க்கை 6-வது சுற்றில் ஏற்கலாம்.

சரி, எவ்வளவு மேலே எடுக்கலாம்?

டிராஃப்ட் என்பது ஐ.பி.எல் ஏலம் மாதிரி கிடையாது. பணத்தைக் கொட்டி யாரையும் வாங்க முடியாது. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. மொத்தம் 7 சுற்றுகள். ஒரு வாய்ப்பைக் கார்டுக்குச் செலவழித்தால், அதே இடத்தில் கிடைத்திருக்கும் குவாட்டர்பேக்கையோ டேக்கிளையோ இழக்கிறீர்கள்.

அதனால்தான் 'கார்டை முதல் 10-க்குள் எடுக்காதே' என்று பழைய தலைமுறை சொல்லும். அவர்களிடம் ஆதாரமும் உண்டு. 2013-ல் ஜொனாதன் கூப்பர் 7-வதாகவும், சான்ஸ் வார்மாக் 10-வதாகவும் போனார்கள். இருவருமே 'மிஸ் ஆகவே ஆகாது' என்று புகழப்பட்ட கார்டுகள். கூப்பர், சீசன் தொடங்கும் முன்பே காலை முறித்துக்கொண்டு முதல் வருஷத்தை முழுசாக இழந்தார். இருவராலும் ஒருமுறைகூட புரோ பவுலை எட்ட முடியவில்லை. அதே டிராஃப்ட்டில் 3-வது சுற்றில் போன லாரி வார்ஃபோர்டு 3 முறை எட்டினார்!

ஆக, கார்டை மேலே எடுக்க அணிகள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும். முதல் நாளிலிருந்தே ஆடுவாரா? அடுத்த சுற்றில் கிடைக்கிற கார்டைவிட இவர் உண்மையிலேயே பல படி மேலா? நம்ம அணியின் பெரிய ஓட்டை நடுவில்தானா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் எடுக்கலாம்.

கோல்ட்ஸ் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தது. அவர்களிடம் முதலில் இருந்தது 3-வது வாய்ப்பு. அதை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, 6-வது வாய்ப்போடு கூடவே மூன்று 2-வது சுற்று வாய்ப்புகளையும் வாங்கிக்கொண்டது. அதில் ஒன்றில் ப்ரேடன் ஸ்மித் என்கிற இன்னொரு கார்டையும் எடுத்தது. அவர் பிறகு வலது டேக்கிளாக மாறினார். நெல்சனும் கிடைத்தார், விலையும் குறைந்தது.

நீங்களே ஸ்கவுட் ஆகலாம்!

அடுத்த முறை ஒரு கல்லூரி ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால் இப்படிச் செய்து பாருங்கள்.

* ஒரு கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஜெர்சி நம்பர் பெரும்பாலும் 50-லிருந்து 79-க்குள் இருக்கும்.
* ஒரே ஸ்னாப்பை 4 முறை பாருங்கள். முதல் முறை கால். இரண்டாவது முறை கை. மூன்றாவது முறை தலை, கண் எங்கே திரும்புகிறது என்று. நான்காவது முறை எதிராளி என்ன முயற்சி செய்தார் என்று.
* ஜெயித்தார், சமாளித்தார், தோற்றார் என மூன்றே கட்டம் போடுங்கள். குறைந்தது 40 ஸ்னாப்.
* தோற்றவற்றைத் தனியாக எடுங்கள். ஒரே மாதிரி தோல்வி திரும்பத் திரும்ப வருகிறதா? கை வைப்பது, கால் வைப்பது மாதிரி சொல்லிக்கொடுத்துத் திருத்தக்கூடிய தப்பா? கை நீளம், இடுப்பு இறுக்கம் மாதிரி மாற்றவே முடியாத குறையா?
* முதல் கால் பகுதியையும் கடைசிக் கால் பகுதியையும் ஒப்பிடுங்கள். களைத்த பிறகும் முழங்கால் மடங்குகிறதா?
* லீகுக்குப் போகிற தரமுள்ள எதிராளியோடு மோதிய ஆட்டத்துக்கு இரட்டிப்பு மார்க் கொடுங்கள்.
* எல்லாம் முடிந்த பிறகு கம்பைன் நம்பரைப் பாருங்கள். முன்பே பார்த்தால் கண் ஏமாந்துவிடும்.

கடைசியாக, அந்த இண்டியானாபோலிஸ் கதை

2018 சீசன். கோல்ட்ஸ் 6 ஆட்டத்தில் 5 தோல்வியோடுதான் தொடங்கியது. ஆனால், லைன் மெல்லக் கூடிவந்தது. லக் தொடர்ந்து 5 ஆட்டங்கள் ஒருமுறைகூட பந்தோடு வீழ்த்தப்படவில்லை. சீசன் முடிவில் அணி 10 வெற்றியோடு பிளே ஆஃபுக்குப் போனது. 56 ஆக இருந்த அந்த எண்ணிக்கை 18 ஆகக் குறைந்தது. அந்த சீசனில் லீகிலேயே குறைவு அதுதான்.

இது முழுக்க ஒரு ஆளின் சாதனை கிடையாது. சென்டர் ரயான் கெல்லி இருந்தார், ப்ரேடன் ஸ்மித் வந்தார், புதுப் பயிற்சியாளர் ஃப்ராங்க் ரெய்க் பந்தைச் சீக்கிரம் கைமாற்றும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஆனால், நெல்சன் 16 ஆட்டத்திலும் முதல் வரிசையில் நின்றார். முதல் மூன்று சீசனிலும் லீகின் சிறந்த அணியான ஆல் புரோவில் முதல் அணி இடம் பிடித்தார். 2022-ல் 4 வருஷத்துக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்.

லக்குக்கு அந்த வருஷம் 'சிறந்த மறுவருகை வீரர்' விருது கிடைத்தது. ஆனால், அடுத்த வருஷமே, 2019 ஆகஸ்ட் 24 அன்று, 29 வயதில் ஓய்வை அறிவித்தார். காயம், வலி, சிகிச்சை, மறுபடி காயம் என்கிற சுழற்சியிலேயே தான் சிக்கியிருப்பதாகச் சொன்னார். முதல் ஆறு வருஷத்தில் வாங்கிய அடிகளை, ஏழாவது வருஷத்தில் வந்த நல்ல கார்டால் திரும்ப எடுக்க முடியவில்லை.

'கார்டுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஓர் அணி தள்ளிப்போடும்போது அதன் விலையைக் கொடுப்பது யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அடுத்த டிராஃப்ட் இரவில் ஒரு கார்டின் பெயரைச் சொன்னதும் கூட்டம் சப்பென்று ஆகிவிட்டால், நீங்கள் மட்டும் அந்தப் பையனின் முழங்காலைப் பாருங்கள்!